சானல்கரை வழியே: குமரி மலையடிவாரத்தில் கார் வராத சைக்கிள் பாதைகள்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர்களை முக்கடல் கரையில் அடிக்கடி பார்க்கலாம். முன்சக்கரத்தைக் கடல்நீரில் நனைத்து, படம் எடுத்துக்கொண்டு, நான்குவழிச் சாலையில் ஏறுகிறார்கள். நன்றாக மிதித்தால் ஒரு மணி நேரத்தில் காவல்கிணறு வந்துவிடும். அது திருநெல்வேலி மாவட்டம். குமரி மாவட்டத்தை அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். இங்கே பிறந்து, இங்கேயே இருபது ஆண்டுகளாகச் சைக்கிள் மிதிக்கும் எனக்கு அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்துகிறது. அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போகும் மேற்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், மேடும் பள்ளமுமான நாட்டுக்குள் ஏற்றமே அறியாமல், காரின் இரைச்சலும் இல்லாமல் மணிக்கணக்கில் சைக்கிளில் போகக்கூடிய வழி கிடக்கிறது. பாசனக் கால்வாயின் கரையான அதற்கு எங்கள் ஊரில் சானல்கரை என்று பெயர்.

அதன் அருமை தெரிய, முதலில் எங்கள் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 18.7 லட்சம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் அன்றைக்கு இங்கேதான் இருந்தது. கிழக்கு மாவட்டங்களில் வீடுகள் ஓரிடத்தில் கூடி ஊராக நிற்கும். அடுத்த ஊர் வரை வயலோ பொட்டலோ கிடக்கும். குமரியின் மேற்கில் அப்படியில்லை. அவரவர் விளைக்குள் அவரவர் வீடு. ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் பழைய நெடுஞ்சாலை ஒரே கடைத்தெரு போல நீண்டு கிடக்கிறது. பஸ்ஸும் காரும் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். பாறைப்பொடியும் ஜல்லியும் ஏற்றிக் கேரளத்துக்கு வரிசையாகப் போகும் பெரிய லாரிகள் சைக்கிளைச் சாலையின் ஓரத்துக்கும் ஓடைக்கும் நடுவே தள்ளிவிடுகின்றன.

அடுத்தது நிலத்தின் அமைப்பு. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஊர்ப்பெயரே ஏற்ற இறக்கத்தைச் சொல்லிவிடும். கோடு என்றால் மலை, மலையின் உச்சி, மேட்டுநிலம். விளவங்கோடு, திருவிதாங்கோடு, மேலாங்கோடு. விளை என்றால் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) ரப்பரும் நிற்கும் மேட்டுத் தோட்டம். ஏலா என்றால் இரண்டு மேடுகளுக்கு இடையே படுத்துக் கிடக்கும் நெல்வயல். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தென்மேற்காக இறங்கும் ஆறுகளும் ஓடைகளும் செம்மண் மேட்டை வரிவரியாக அறுத்து இந்த நிலத்தை உண்டாக்கியிருக்கின்றன. சாலை இவற்றைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அதனால் விளையில் ஏறி, ஏலாவில் இறங்கி, மறுபடி விளையில் ஏறி என்று ஒரே நாளில் முப்பது நாற்பது தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும். எந்த ஏற்றமும் பெரிதல்ல. ஆனால் எதுவும் முடிவதுமில்லை.

ஏற்றம் சைக்கிள்காரனிடம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஆளும் சைக்கிளும் மூட்டையுமாக 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று எதிர்க்காத சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 50 வாட் போதும். பேசிக்கொண்டே மிதிக்கலாம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தைப் பிடிக்க 250 வாட் வேண்டும். ஐந்து மடங்கு. பயிற்சி இல்லாதவரால் சில நிமிடங்களுக்கு மேல் அதைத் தர முடியாது. அவர் இறங்கித் தள்ளுவார். குழந்தையை முன்னே உட்கார வைத்தவர், அறுபது வயது தாண்டியவர், பழைய கறுப்புச் சைக்கிள் மட்டுமே வைத்திருப்பவர் ஆகிய எல்லோருக்கும் மலைநாட்டுச் சைக்கிள் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இதற்கு இரண்டு விடைகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, கைவிடப்பட்ட ரயில்பாதை. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால் மலைக்குள்ளும் மெல்லிய சரிவுள்ள பாதை கிடைக்கும். ஸ்பெயின் 1993-இல் பழைய ரயில்பாதைகளைப் பசுமைவழிகளாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பெல்ஜியம், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றையும் தொட்டுப் போகும் வென்பான் என்ற பாதை 125 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதுவும் பழைய இருப்புப்பாதைதான். இன்னொரு விடை, கால்வாய்க்கரை. பிரான்சில் 1681-இல் திறந்த 'கனால் டு மிடி' என்ற கால்வாயின் கரையில், ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த தடத்தில், இன்று சைக்கிள்கள் போகின்றன.

குமரிக்கு ரயில் வந்ததே 1979-இல். கைவிட்ட ரயில்பாதை இங்கே கிடையாது. ஆனால் கால்வாய் இருக்கிறது, நிறைய இருக்கிறது.

தண்ணீர் காட்டும் மட்டம்

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. ஸ்ரீமூலம் திருநாள் திருவிதாங்கூரை ஆண்ட காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். பிறகு 1950-களில் பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி அணை எழுந்தது. அதன்பின் சிற்றாறு அணைகள் இரண்டு. இவற்றுக்குக் கீழே புத்தன் அணையிலிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு, தோவாளை சானல், அனந்தனாறு சானல் ஆகியவற்றுக்குத் தண்ணீர் பிரிகிறது. மேற்கே பட்டணங்கால் என்ற சானல் போகிறது. கிளைக்கால், மடை, குளம் என்று இந்த வலை கடைசி வயல் வரை விரிகிறது. தோவாளை சானலின் தண்ணீர் மாவட்ட எல்லையையும் தாண்டி ராதாபுரம் பக்கம் போகிறது. நாளிதழில் 'பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி' என்ற வரியைப் படித்த பிறகே மற்றச் செய்திக்குப் போகிறவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

மண்ணில் வெட்டிய சானலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் கிலோமீட்டருக்கு ஓரிரு அடி என்ற அளவில்தான் பெரும்பாலும் அதை இறக்குவார்கள். குறுக்கே மேடு வந்தால் சானல் ஏறாது. மேட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். பள்ளம் வந்தால் உள்ளே வளைந்து, ஓடையின் தலைப்பக்கம் வரை போய்த் திரும்பும். சாலையில் ஆறு கிலோமீட்டராக இருக்கும் தூரம் சானல்கரையில் ஒன்பதாகவோ பத்தாகவோ ஆகலாம். அந்தக் கூடுதல் தூரம்தான் ஏற்றத்துக்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை. எனக்கு அது மலிவாகவே தெரிகிறது.

கரையின்மேல் பாதை தற்செயலாக வந்ததல்ல. சானலை வெட்டும்போதே ஒரு கரையை அகலமாக விடுவார்கள். ஷட்டரைத் திறந்து மூடவும், நண்டு வளையிலும் எலி வளையிலும் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கவும் சானலைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் நாள்தோறும் நடக்க வேண்டும். தூர்வார வரும் ஆட்கள் மண்ணைப் போட இடம் வேண்டும். ஆக, சைக்கிளுக்கு வேண்டிய அகலத்தில், காருக்குப் போதாத அகலத்தில் ஒரு வழி நூறாண்டுகளாக இருந்துவருகிறது. யாரும் அதைச் சுற்றுலாவுக்காகப் போடவில்லை.

தை மாதத்துக் காலை ஒன்றைச் சொல்கிறேன். புத்தனாற்றுக் கரை. வெயில் இன்னும் வேளிமலையைத் தாண்டி இறங்கவில்லை. இடப்பக்கம் சானல் நிறைந்து, சத்தமே இல்லாமல் என் வேகத்துக்கு ஏறத்தாழப் பாதி வேகத்தில் கூடவே வருகிறது. மேலிருந்து விழுந்த ஒரு தேங்காய் நெற்று அதில் மிதந்துவந்தது. நான் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால் அது என்னைக் கடந்துபோயிருக்கும். இரண்டு வளைவு தாண்டி மறுபடி அதைப் பிடித்தேன். வலப்பக்கம் பத்தடி கீழே ஒரு வீட்டின் ஓடு என் முழங்கால் உயரத்தில் தெரிந்தது. அடுப்படிப் புகையும் தேங்காயெண்ணெய் மணமும் மேலே வந்தன. அந்த வீட்டு முற்றத்திலிருந்து சாலைக்குப் போக அவர்கள் ஒரு செங்குத்து ஏற்றம் ஏற வேண்டும். கரையில் இருக்கும் எனக்கு அந்த ஏற்றம் இருப்பதே தெரியவில்லை.

சற்றுத் தள்ளிப் படித்துறை. நான்கு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சானல்கரையில் சைக்கிளில் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது. படித்துறை என்பது அந்த ஊரின் குளியலறை. ஐம்பது அடிக்கு முன்பே மணி அடிக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு கடக்க வேண்டும். கேமராவைக் கையில் எடுக்கவே கூடாது. "பைய போங்க தம்பி, பாசி கெடக்கு" என்று அன்றைக்கு ஓர் அம்மா சொன்னார். படிக்கட்டிலிருந்து வழிந்த சோப்புத் தண்ணீரில் நான் வழுக்கி விழாமல் போனது அந்தச் சொல்லால்தான்.

எங்கே போகலாம்

முதன்முதலாக முயல்கிறவர்கள் நாஞ்சில்நாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. சுசீந்திரம், தேரூர்ப் பகுதிக் குளத்தங்கரைகள் முழுச் சமதளம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஈரநிலம் இது. கவிமணி பிறந்த ஊரும் தேரூர்தான். குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடக்கிறார்கள். சைக்கிள் இருந்தால் ஒரு குளத்தோடு நிற்க வேண்டியதில்லை. அங்கிருந்து வடக்கே பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் பக்கம் திரும்பினால் தோவாளை சானலின் கரைகள் மலையை நெருங்கிக்கொண்டே போகும். கடுக்கரை வந்ததும் மலை தலைக்குமேல் நிற்கும்.

நடுப்பகுதிக்கு, தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனையை ஒட்டிக் கிளம்பி, புத்தனாற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு எதிர்த்திசையில் மேலே போவதே என் விருப்பம். மெல்லிய ஏற்றம் என்று சொல்லவே வாய் வராது. அத்தனை மெதுவாக நிலம் உயர்ந்து, மதியத்துக்குள் பெருஞ்சாணிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் கரை உடைந்த இடங்கள் உண்டு. அங்கே ஊர்ச்சாலையில் இறங்கி ஏற வேண்டும். சில இடங்களில் மறுகரைக்கு மாற வேண்டும். பாலம் என்று இருப்பது தென்னந்தடி இரண்டு. சைக்கிளைத் தோளில் வைத்துக் கடப்பேன்.

மேற்கே மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டி முடித்தது. 28 தூண்களின்மேல், பரளியாற்றின் படுகையிலிருந்து நூறடிக்கு மேலான உயரத்தில், பட்டணங்கால் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. சுற்றுலாப் பயணிகள் அதைத் தனியாக நிற்கும் ஒரு அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாலத்தின் இரு முனையிலும் சானல் தொடர்கிறது என்பதையும், பள்ளத்தில் இறங்காமல் மட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே அத்தனை பெரிய பாலம் என்பதையும் கரைவழியே வந்து சேர்கிறவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். அங்கிருந்து கோதையாறும் பரளியாறும் சேரும் மூவாற்றுமுகம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில், சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள் எல்லாம் சைக்கிளுக்கு எட்டும் தூரம்.

குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர்க் காடு. திற்பரப்பு, களியல், கடையாலுமூடு, பத்துகாணி என்று போகும் சாலைகளில் ஏற்றம் நிச்சயம் உண்டு. ஆனால் நிழலும் நிச்சயம். விடிவதற்கு முன் நெற்றிவிளக்கோடு ரப்பர்ப் பால்வெட்டப் போகிறவர்களும் ஒன்பது மணிக்கு மேல் பால் எடுத்துத் திரும்புகிறவர்களும் தவிர, தோட்டச் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவு. கீரிப்பாறை, காளிகேசம், கோதையாறு ஆகியவை வனத்துக்குள் வருகின்றன. சுமார் 402 சதுர கிலோமீட்டர் இப்போது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். 2008-இல் அறிவிக்கப்பட்டது. சோதனைச் சாவடியில் வனத்துறை திருப்பி அனுப்பினால் திரும்பிவிட வேண்டியதுதான். யானை நடமாடும் இடத்தில் சத்தமில்லாத சைக்கிள் மனிதனுக்கும் யானைக்கும் நல்லதல்ல.

கடலோரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் 1860-இல் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகுவழியால் இணைக்கத் தொடங்கப்பட்டு, முழுமை பெறாமல் நின்றது. இன்று தூர்ந்தும் ஆக்கிரமிப்பில் சிக்கியும் கிடக்கிறது. அதன் கரை மீட்கப்பட்டால் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சல் பக்கம் வர மீனவ ஊர்களுக்குள் ஒரு வழி கிடைக்கும்.

பன்னிரண்டு கோயில், ஒரு வட்டம்

குமரிக்குச் சுற்றுப்பயணம் புதிதல்ல. மாசி மாதம் மகாசிவராத்திரியை ஒட்டிச் சிவாலய ஓட்டம் நடக்கிறது. முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும். சுமார் 110 கிலோமீட்டர். காவியுடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டு இரவும் பகலுமாக ஓடுவார்கள். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவது இந்த ஓட்டத்தின் அழகு. வழியெல்லாம் வீட்டு வாசலில் பானகமும் மோரும் சுக்குநீரும் வைத்துக் காத்திருப்பார்கள்.

இந்த வட்டத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். குழித்துறைத் தாமிரவருணிப் படுகையிலிருந்து கிளம்பி, மலையடிவாரம் வரை ஏறி, வேளிமலையைத் தொட்டு, மறுபடி இறங்குகிறது. இடைவெளி எங்கும் ஒரு மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச்சேரக்கூடிய தூரத்தில் கோயில், குளம், நிழல். நல்ல சைக்கிள் சுற்றுவழிக்கு என்னென்ன வேண்டுமென்று வல்லுநர்கள் பட்டியல் போடுகிறார்களோ அதெல்லாம் முன்னோர் நடந்த தடத்திலேயே இருக்கிறது. இன்று பலர் காரிலும் வேனிலும் பைக்கிலும் இந்தச் சுற்றை முடிக்கிறார்கள். ஓடுகிறவர்கள் அந்த வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். பன்னிரண்டு கோயில்களையும் சைக்கிளில் இரண்டு நாளாகப் பிரித்துப் போயிருக்கிறேன். திற்பரப்புக்கும் பொன்மனைக்கும் இடையே சானலோரங்களையும் தோட்டச் சாலைகளையும் தேர்ந்தெடுத்தபோது, காலை எட்டு மணிவரை ஒரு காரும் எதிரே வரவில்லை.

காலமும் காற்றும் தெரிந்து கிளம்ப வேண்டும். சானலில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு சாகுபடிக்கும் விட்டு, பிப்ரவரி இறுதியில் மூடுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் கரை சேறாகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கு அதுவே காரணம். அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து நாகர்கோவிலை நோக்கி மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமம். தண்ணீரும் இருந்து, தரையும் காய்ந்து, காற்றும் அடங்கியிருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் தான் பொற்காலம். ரசவடையும் கட்டன்சாயாவும் எல்லா முக்கிலும் கிடைக்கும். பையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு போதும். பனைக்காரர் எதிர்ப்பட்டால் அக்கானி (பதநீர்).

இந்தக் கரைகளுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. கவனிக்காமல் விட்டால் குப்பை, முள், கண்ணாடிச் சில்லு, ஆக்கிரமிப்பு. கவனித்தாலோ, கரையை அகலப்படுத்தித் தார் போட்டுக் காருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி மாறிய ஒரு துண்டு எனக்குத் தெரியும். தார் போட்ட முதல் மாதம் மகிழ்ச்சியாக மிதித்தேன். ஆறாவது மாதம் அது நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்கும் குறுக்குவழி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளம்.

வேண்டியது மிகக் குறைவு. சாலையிலிருந்து கரை பிரியும் இடத்தில் இரண்டு கல்தூண்கள், நடுவே சைக்கிளும் மாட்டு வண்டியில்லாத மாடும் புகும் இடைவெளி. லஸ்கரின் வண்டிக்காகப் பூட்டுப்போட்டுத் திறக்கும் ஒரு கம்பி. கெட்டிப்படுத்திய சரளைமண். சானல் சாலையைக் கடக்கும் இடங்களில் வேகத்தடை. தென்னந்தடிக்குப் பதிலாக மூன்றடி அகலத்தில் கைப்பிடி வைத்த நடைபாலம். அடுத்த படித்துறை, அடுத்த ஊர், அடுத்த ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று தமிழில் ஒரு பலகை. விவசாயிக்கும் இதில் இழப்பில்லை. ஆட்கள் நடக்கும் கரையில் கசிவு சீக்கிரம் கண்ணில் படும், குப்பை கொட்டுகிறவர் தயங்குவார்.

2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டத்தில் பல இடங்களில் சானல்கரைகள் உடைந்தன. நான் வழக்கமாகப் போகும் கரையிலும் நாற்பதடி நீளத்துக்கு ஓர் உடைப்பு. அதைச் சரிசெய்தபோது தண்ணீர்ப் பக்கம் உறுதியான கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். நல்ல வேலை, இனி அங்கே உடையாது. ஆனால் சுவருக்கு வெளியே மண் போட்டுக் கரையை நிரப்பவில்லை. சுவரின் மேற்பரப்பு முக்காலடி அகலம். அதுவரை அந்த வழியே பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளைகள் இப்போது அந்த இடத்தில் இறங்கி, ஏலாவுக்குள் வரப்பில் உருட்டி, நாற்பதடி தாண்டி மறுபடி கரையில் ஏற்றுகிறார்கள். நான்கு லாரி மண் போதும்.